ரிமோட் சார்ஜ் இறங்கினால் கிரேன் நிற்கும்; சிக்கல் அதற்குப் பிறகு

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு தூக்கும் ஓவர்ஹெட் கிரேன் ஆகட்டும், மேலூர்ப் பக்கத்து யார்டில் கிரானைட் கல் தூக்கும் கேன்ட்ரி கிரேன் ஆகட்டும், பல இடங்களில் ஆபரேட்டர் கையில் இப்போது ஒயர் இல்லாத ரிமோட்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கிரேனிலிருந்து தொங்கும் கேபிளின் நுனியில் பெண்டன்ட் என்ற பட்டன் பெட்டி இருக்கும். அந்தக் கேபிள் எவ்வளவு தூரம் எட்டுமோ அதற்குள்தான் ஆபரேட்டர் நிற்க முடியும். அதாவது, சுமைக்குப் பக்கத்திலேயே நடந்தாக வேண்டும். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள ஒரு கிரானைட் பிளாக் ஏறக்குறைய 18 டன் வரும். அது தொங்கும்போது அதன் நிழலில் நடப்பதைவிடப் பத்து மீட்டர் தள்ளி, நன்றாகத் தெரியும் இடத்தில் நிற்பது எவ்வளவோ மேல். ரிமோட் வந்ததில் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

அந்த லாபத்துக்கு ஒரு விலையும் உண்டு. பெண்டன்டுக்கு மின்சாரம் கிரேனிலிருந்தே வந்தது. ரிமோட்டுக்கு அதனுள் இருக்கும் பேட்டரிதான் எல்லாம். மேலே, கீழே, இடது, வலது பட்டன்கள் மட்டுமல்ல, ஆபத்து என்றால் அடிக்க வேண்டிய சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் வேலை செய்கிறது. இப்படிப் பார்த்தால் பேட்டரி ஒரு பாதுகாப்புச் சாதனம். ஆனால் பட்டறைகளில் அதற்குக் கிடைக்கும் மரியாதை என்னவோ டார்ச் லைட் செல்லுக்குக் கிடைப்பதுதான்.

"சார்ஜ் இறங்கினால் கிரேன் நின்றுவிடும், அதில் என்ன ஆபத்து?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது ஏன் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நல்ல ரிமோட் ஒன்று, பட்டனை அழுத்தும்போது மட்டும் பேசுவதில்லை. ஆன் செய்ததிலிருந்து ஒரு நொடிக்குள் பல தடவை "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கிணற்றுக்குள் தூர் வார இறங்கியவர் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார், குரல் நின்றால் மேலே இருப்பவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் கயிற்றை இழுப்பார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். கிரேனில் இருக்கும் ரிசீவருக்குச் சரியான செய்தி குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் அது மெயின் காண்டாக்டரை, அதாவது கிரேன் மோட்டார்களுக்குக் கரண்ட் விடும் பெரிய ஸ்விட்சை, விட்டுவிடும். பெரும்பாலான கருவிகளில் அந்த நேரம் அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்குள் இருக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்கும், பிரேக் பிடிக்கும், சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

பேட்டரி செத்தாலும், ரிமோட் கீழே விழுந்து உடைந்தாலும், ஆன்டெனா அறுந்தாலும், வேறு ஏதோ ரேடியோ குறுக்கிட்டாலும் விளைவு ஒன்றுதான்: நிற்பது. பழுது எதுவானாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்ற வடிவமைப்பு இது. ஆக, அந்தக் கேள்வி கேட்பவர் சொல்வது பாதி சரி.

மீதிப் பாதியைக் கல் யார்டில் பார்க்கலாம். மேலும் கீழும் போகிற இயக்கம் நின்றால் ஒன்றும் ஆகாது, பிரேக் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போது கிரேன் பட்டென்று நின்றால் கல் நிற்காது. ஆறு மீட்டர் கயிற்றில் தொங்கும் கல் ஒரு தடவை போய்த் திரும்ப ஏறக்குறைய 5 நொடி ஆகும். கிரேன் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்து சடாரென நின்றால், கல் இரண்டு பக்கமும் கால் மீட்டர் வரை ஆடும். வேகம் 40 மீட்டர் என்றால் அரை மீட்டர். 18 டன் கல் கால் மீட்டர் ஆடினால் போதும், பக்கத்துக் கல்லுக்கும் அதற்கும் நடுவில் கையையோ காலையோ வைத்திருப்பவருக்கு. ஆபரேட்டர் தானே நிறுத்தும்போது வேகத்தைக் குறைத்துப் பதமாக நிறுத்துவார். பேட்டரிக்கு அந்தப் பதம் தெரியாது.

இது உடனடி ஆபத்து. இதைவிடப் பெரியது மெதுவாக வருவது.

ஒரு ஷிப்டில் ஒரு தடவை கிரேன் தானாக நின்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நாலைந்து தடவை நின்றால் வேலை கெடும். லாரி காத்திருக்கும், ஃபோர்மேன் கத்துவார், "என்னண்ணே, திரும்பவும் ட்ரிப்பா?" என்று ஹெல்பர் கேட்பார். "செல்லு வீக்காயிருச்சுப்பா" என்பது பதில். புதுப் பேட்டரி பேக் வாங்க ஆர்டர் போட்டிருக்கும், வர ஒரு வாரமாகும். இந்த ஒரு வாரத்தில்தான் யாராவது ஒரு கெட்டிக்காரர் வழி கண்டுபிடிப்பார். ரிசீவர் பெட்டியைத் திறந்து, மெயின் காண்டாக்டரை விழ வைக்கும் ஸ்டாப் ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு ஒயரை லூப் போட்டுவிடுவார். இப்போது சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் மெயின் காண்டாக்டர் விழாது. கிரேன் "நன்றாக" ஓடும்.

அந்த லூப் என்ன செய்துவிட்டது? கிரேனில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் காண்டாக்டர் உண்டு. தினமும் நூற்றுக்கணக்கான தடவை போட்டு எடுக்கும் அந்தக் காண்டாக்டர்களின் முனைகள் தேய்ந்து, ஒரு நாள் தீப்பொறியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது பட்டனை விட்டாலும் கிரேன் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் அவற்றுக்கு மேலே மெயின் காண்டாக்டர் இருக்கிறது: சிவப்புப் பட்டனை அடித்தால் எல்லாத் திசைக்கும் சேர்த்துக் கரண்டை அறுப்பதற்கு. லூப் போட்ட கிரேனில் சிவப்புப் பட்டன் வெறும் அலங்காரம். புதுப் பேட்டரி வந்த பிறகு அந்த ஒயரை எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. கிரேன்தான் நன்றாக ஓடுகிறதே!

பேட்டரியைப் பராமரிக்கச் சொல்வது பேட்டரிக்காக இல்லை. அடிக்கடி காரணமில்லாமல் நிற்கும் பாதுகாப்பு ஏற்பாட்டை மனிதர்கள் நீண்ட நாள் பொறுத்துக்கொள்வதில்லை. ஏதாவது செய்து அதைச் செயலிழக்க வைத்துவிடுவார்கள். இதில் ஆபரேட்டரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உற்பத்திக் கணக்குக் கேட்கும் முதலாளி பேட்டரிக் கணக்குக் கேட்காததும் இதில் சேர்ந்ததுதான்.

சர்வதேசத் தரங்களை எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 என்ற தரத்தின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு, பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலைப் பற்றித் தனியாகவே பேசியது. பேட்டரியின் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஆபத்தான நிலை வரக்கூடாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆபரேட்டருக்குத் தெளிவான எச்சரிக்கை வர வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகும், இயந்திரத்தைப் பத்திரமான நிலைக்குக் கொண்டுபோகும் வரை ரிமோட் வேலை செய்ய வேண்டும். கேபிள் இல்லாத கன்ட்ரோலுக்கென்றே 2017-இல் ஐஇசி 62745 என்ற தனித் தரமும் வந்தது.

எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரம், கையில் இருக்கும் சுமையை இறக்கி வைப்பதற்குத்தான். "இன்னும் ரெண்டு லோடு போகும்" என்று கணக்குப் போடுவதற்கு இல்லை. பேட்டரி பழசாக ஆக அந்த நேரமும் சுருங்கிக்கொண்டே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதுப் பேக்கில் விளக்கு எரிந்து அரை மணி நேரம் ஓடிய ரிமோட், இரண்டு வருடம் கழித்து ஐந்தே நிமிடத்தில் படுத்துவிடலாம்.

சிவப்புப் பட்டன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சார்ஜ் இல்லாத ரிமோட் ஒன்று மேஜையில் கிடக்கிறது. கிரேனை வேறொருவர் பெண்டன்டிலோ மாற்று ரிமோட்டிலோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். திடீரென்று யாரோ மாட்டிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் மேஜையில் இருக்கும் ரிமோட்டைப் பாய்ந்து எடுத்துச் சிவப்புப் பட்டனை அடிக்கிறார். ஒன்றும் நடக்காது. அடித்துவிட்டோம் என்று நம்பி அவர் அடுத்த வேலைக்கு ஓடுவார், அதுதான் கொடுமை. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான ஐஎஸ்ஓ 13850 தரத்தின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, உயிருள்ள பட்டனையும் உயிரில்லாத பட்டனையும் ஆட்கள் குழப்பிக்கொள்ளாதபடி வழி செய்ய வேண்டும் என்கிறது. வேலை செய்யும்போது மட்டும் சிவப்பாக ஒளிரும் பட்டன் ஒரு வழி, மூடி போட்டு மறைப்பது இன்னொரு வழி. நம் பட்டறைக்குச் சுலபமானது மூன்றாவது வழி: பயன்பாட்டில் இல்லாத ரிமோட்டைப் பூட்டிய பெட்டியில் வைப்பது. சார்ஜரில் போட்டிருக்கும் ரிமோட்டும் இதில் அடக்கம். பேட்டரியைத் தனியாகக் கழற்றிச் சார்ஜ் போடும் மாடலாக இருந்தால் ரொம்ப நல்லது, வெறும் கூட்டை உள்ளே வைத்துவிடலாம்.

சரி, பேட்டரிக்குள் போவோம்.

சின்ன கிரேன் ரிமோட்கள் பலவற்றில் இரண்டோ நாலோ பென்டார்ச் செல் போதும். கடையில் வாங்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. சற்றுப் பெரிய ரிமோட்களில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் வரும். இதில் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், அதனால் மூன்று செல் பேக் 3.6, நாலு செல் பேக் 4.8 வோல்ட். புது மாடல்களில் லித்தியம் அயான். ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்றும் மூன்று சாதி. ஒன்றின் பழக்கம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பொருந்தாத பழக்கங்களில் முதலாவது, "முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்" என்பது. பழைய ஃபோர்மேன்கள் இதில் உறுதியாக இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். 1899-இல் சுவீடனின் யுங்னர் கண்டுபிடித்த நிக்கல் காட்மியம் பேட்டரிதான் வாக்கிடாக்கி போன்ற கருவிகளை வெகுகாலம் ஆண்டது. அரைகுறையாக இறக்கி இறக்கி ஏற்றினால் அதன் வோல்டேஜ் பாதியிலேயே சரியும். 1989 வாக்கில் சந்தைக்கு வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் அந்தக் குணம் மிகக் குறைவு. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயானில் கிடையவே கிடையாது. லித்தியம் பேக்கை ஒவ்வொரு முறையும் சாகடித்து ஏற்றினால் அதன் ஆயுள்தான் குறையும். நிக்கல் பேக்கையும் அப்படி அடிவரை இறக்கக் கூடாது. நாலு செல் வரிசையாக இருக்கும் பேக்கில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால், அது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே கரண்டைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும். அந்த செல் அதோடு கெட்டது. ஒரு செல் போனால் பேக்கே போச்சு.

இரண்டாவது பழக்கம், கலந்து போடுவது. நாலு செல்லில் இரண்டு வீக் என்று டவுன்ஹால் ரோட்டில் இரண்டு புதுசு வாங்கி வந்து பழசோடு சேர்ப்பார்கள். மேலே சொன்ன தலைகீழ்ச் சமாச்சாரத்துக்கு அதுவே அழைப்பிதழ். இதைவிட மோசம், ரிமோட்டை அப்படியே சார்ஜரில் உட்கார வைக்கும் மாடலில் அவசரத்துக்கு ஆல்கலைன் செல்லைப் போட்டுவிட்டு மறப்பது. அன்று வேலை ஓடிவிடும். ராத்திரி வழக்கம்போல யாரோ ரிமோட்டைச் சார்ஜரில் வைப்பார்கள். சார்ஜ் ஏற்றக் கூடாத செல்லுக்குள் கரண்ட் போகும். செல் கசியும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம் போர்டை அரிக்கும். நூறு ரூபாய்ச் செல்லால் மொத்த ரிமோட்டும் குப்பைக்குப் போகும்.

இனி வெயிலுக்கு வருவோம். மதுரைக்காரர்கள் இந்த விஷயத்தில் தனியாகக் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான். ரிமோட்டோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை; "அறை வெப்பநிலையில் சார்ஜ் செய்யவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். கத்தரி வெயிலில் வெளியே 40 டிகிரி தொடும் நாளில், தகரக் கூரைக்குக் கீழே சுவரோடு அடித்த பலகையில் இருக்கும் சார்ஜருக்கு எது அறை வெப்பநிலை?

நிக்கல் பேட்டரியில் சார்ஜ் ஏறுவது ஒரு வேதிவினை. சூடு ஏறினால் அதோடு போட்டியாக இன்னொரு வினை கிளம்பும்: பிளஸ் தகட்டில் ஆக்சிஜன் உண்டாவது. உள்ளே போகும் கரண்டில் ஒரு பங்கு சேமிப்பாகாமல் அதற்கும், அது கிளப்பும் சூட்டுக்கும் செலவாகிவிடும். சாதாரணச் சூட்டில் முழுதாக ஏறும் பேட்டரி 45 டிகிரியில் சுமார் 70 சதவீதம்தான் ஏற்றுக்கொள்ளும். அதாவது, ராத்திரி முழுக்கச் சார்ஜரில் இருந்தாலும் அது முக்கால் வயிறுதான்.

சார்ஜரும் குழம்பும். நிக்கல் பேட்டரி நிறைந்துவிட்டதை வேகச் சார்ஜர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏறிக்கொண்டே வரும் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சற்றே இறங்கும். அந்த இறக்கம் ஒரு செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான். அதைப் பிடித்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. பேட்டரி ஏற்கெனவே சூடாக இருந்தால் அந்த இறக்கம் மழுங்கிவிடும். சார்ஜர் அதைத் தவறவிட்டு ஏற்றிக்கொண்டே போகலாம். அல்லது சூட்டைப் பார்த்துப் பயந்து சீக்கிரமே நிறுத்திப் பச்சை விளக்கு காட்டலாம். "ஃபுல் காட்டுச்சு, ஆனா மத்தியானமே செத்துப்போச்சு" என்ற புகார் மே மாதத்தில் கூடுவதற்கு இதுவே பெரும் காரணம். பேட்டரியைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன்னால் சார்ஜரை நகர்த்திப் பார்க்கலாம்.

லித்தியத்துக்குக் கணக்கு வேறு. 0 முதல் 45 டிகிரி வரை சார்ஜ் செய்யலாம் என்பது பொதுவான வரம்பு. நல்ல பேக்கில் உள்ளே இருக்கும் சின்ன போர்டு, அதற்கு மேல் சூடு இருந்தால் சார்ஜையே மறுத்துவிடும். அது பழுதில்லை, ஆற விட்டால் ஏறும். லித்தியத்தை உண்மையில் கொல்வது, சூட்டில் முழுச் சார்ஜோடு சும்மா கிடப்பதுதான். 40 டிகிரியில் ஒரு வருடம் முழுச் சார்ஜோடு வைத்த பேட்டரியில் அதன் கொள்ளளவில் சுமார் 65 சதவீதமே மிஞ்சும்; அதையே 40 சதவீதச் சார்ஜில் வைத்திருந்தால் 85 வரை மிஞ்சும். மாற்றுப் பேக்கை "எப்பவும் ஃபுல்லா ரெடியா இருக்கட்டும்" என்று சார்ஜரிலேயே விட்டுவைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை யோசிக்கலாம். பொங்கலுக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ யார்டை மூடும்போது லித்தியம் பேக்கைப் பாதிச் சார்ஜில், ரிமோட்டிலிருந்து கழற்றி, கட்டடத்தில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் வைப்பது நல்லது. திறந்து வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் ஏற்றிக்கொள்ளலாம்.

ரிமோட்டை வெயிலில் வைப்பதும் உண்டு. டீ குடிக்கப் போகிறவர் ரிமோட்டைக் கல் மேல் வைத்துவிட்டுப் போவார். மே மாத மத்தியானத்தில் கருங்கல் எவ்வளவு சுடும் என்று வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் அந்தச் சுட்ட பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடக் கூடாது; அரை மணி நேரமாவது நிழலில் ஆறட்டும்.

சார்ஜர் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு என் யோசனை: ஆபீஸ் அறை, அல்லது காங்கிரீட் கூரை உள்ள ஸ்டோர். தகரக் கொட்டகைக்குள் வேறு வழியில்லை என்றால் தரைக்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரில். மேலே போகப் போகத்தான் சூடு. சார்ஜ் போடும் நேரத்தை ராத்திரிக்கு மாற்றுவதும் பாதி வேலையைச் செய்யும்.

ராத்திரி என்றதும் ஒரு விஷயம். சார்ஜர் செருகியிருக்கும் பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பல பட்டறைகளில் வேலை முடிந்ததும் வாட்ச்மேன் மெயினை இறக்கிவிட்டுத்தான் படுப்பார். காலையில் ஏற்றுவார். சார்ஜரில் விளக்கு எரியும், பேட்டரி ராத்திரி முழுக்க வெறும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது. இதே சங்கதி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கும் வரும். ஜெனரேட்டர் போட்டுக் கிரேன் ஓடும். ஆனால் ஆபீஸ் பிளக் ஜெனரேட்டர் லைனில் இருக்காது. சாயங்காலம் கிரேன் நிற்கும்போது எல்லோரும் ரிமோட்டைத் திட்டுவார்கள். சார்ஜருக்கென்று, எப்போதும் உயிரோடு இருக்கும் தனி பிளக் ஒன்றை ஒதுக்கினால் தீர்ந்தது. அதில் யாரும் செல்போன் செருகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

வேகமில்லாத பழைய வகைச் சார்ஜர்கள் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டை விடும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேக்குக்கு 200 மில்லிஆம்பியர். கணக்குப்படி பத்து மணி நேரம்தான் என்று தோன்றும், ஆனால் கொஞ்சம் வீணாகப் போவதால் 14 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். ஒரே பேக்கை வைத்துக்கொண்டு இரண்டு ஷிப்ட் ஓட்டும் இடத்தில் அது ஒருபோதும் நிறையாது. அதனால்தான் ஒரு ரிமோட்டுக்குக் குறைந்தது இரண்டு பேக். "ஏ", "பி" என்று மார்க்கரில் எழுதி, வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் கூடவே எழுதிவிட வேண்டும். இன்று ஏ, நாளை பி. நிக்கல் பேக் ஒன்று 500 தடவை சார்ஜ் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 300 வேலை நாளில் ஒற்றைப் பேக் இரண்டு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று வருடம். நம் வெயிலுக்கு இதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேக் வாங்குவதற்குப் பதிலாக இரண்டு ரிமோட் வாங்குபவர்கள் உண்டு. மேஜையில் கிடக்கும் செத்த சிவப்புப் பட்டன் பிரச்சினையைக் காசு கொடுத்து வாங்குவது அது. இரண்டும் ஒரே கோடில் (ரிசீவர் ரிமோட்டை அடையாளம் காணும் எண்ணில்) இருந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பேட்டரி நன்றாகவே இருந்தும் ரிமோட் சாவது உண்டு. கல் அறுக்கும் இடத்தில் தண்ணீரும் கல் பொடியும் சேர்ந்த சேறு எல்லா இடத்திலும் அப்பும். கையுறை வழியாகப் பேட்டரி முனைக்கும் வந்து சேரும். காய்ந்ததும் அது ஒரு மெல்லிய தோல். ரிமோட் சும்மா இருக்கும்போது வோல்ட்மீட்டரில் சரியாகவே காட்டும். செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில் கரண்ட் கூடும்போது, இந்தத் தோலின் தடையில் வோல்டேஜ் சரிந்து ரிமோட் ஆஃப் ஆகிவிடும். பேக்கை எடுத்துத் தட்டிப் போட்டால் சரியாவது இதனால்தான். முனைகளை வாரம் ஒரு முறை உலர்ந்த துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், முனையின் மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்துவிடுவதும் நாலு நாள் வைத்தியம்தான், மாற்றிவிடுவது நல்லது.

சுவரில் மாட்டியிருக்கும் ஒயர்லெஸ் வாயுக்கசிவு சென்சார், வெப்பநிலை சென்சார் போன்றவை வேறு ரகம். பலவற்றில் லித்தியம் தயோனில் குளோரைடு செல் இருக்கும். 3.6 வோல்ட், கடும் சூட்டையும் தாங்கும், வருடக்கணக்கில் வரும். இதைச் சார்ஜ் செய்யவே கூடாது, வெடிக்கும். தோற்றத்தில் பென்டார்ச் செல் அளவிலேயே ஒரு வகை இருப்பதால் இந்த எச்சரிக்கை. இதன் வோல்டேஜ் கடைசி வரை ஒரே மட்டத்தில் இருந்துவிட்டு முடிவில் சட்டென்று விழும். ஆகவே மீட்டர் வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உற்பத்தியாளர் சொன்ன வருடத்தில் மாற்றிவிட வேண்டியதுதான். நீண்ட நாள் அலமாரியில் இருந்த புதுச் செல்லைப் போட்டதும் சென்சார் முதலில் தடுமாறினால் செல் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே லித்தியத்தின் மேல் படிந்த படலம் கரைய நேரமாகும்.

உப்பிய லித்தியம் பேக், கசிந்த நிக்கல் பேக், உறை கிழிந்த பேக் இவற்றை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். உப்பியதை அமுக்கி மூடியைத் திருகிப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேட்டர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடக்கிறார் என்பது அந்த ஸ்க்ரூடிரைவர் பிடித்தவருக்குத் தோன்றவில்லை போலும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் வாளியிலோ தகர டப்பாவிலோ தனியாக வைக்கலாம். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கும் குப்பையில் எறிவதற்கும் இடமில்லை: 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், சிறிய பேட்டரிகளையும் சேர்த்து, திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மேல் வைக்கின்றன. புதுப் பேக்குக்கு ஆர்டர் போடும்போதே பழசை எடுத்துக்கொள்வதையும் அதில் எழுதிவிடலாம்.

வருடாந்திரப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. தூக்கும் இயந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியான ஒருவர் முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. கயிறு, கொக்கி, பிரேக் எல்லாம் பார்ப்பார்கள். ரிமோட் பேட்டரி அந்தச் சான்றிதழில் ஒரு வரியாகக்கூட வராமல் போகலாம். அதனால் தினசரிச் சோதனை ஒன்று யார்டு கையிலேயே இருக்க வேண்டும்.

அது இப்படி: காலையில் கொக்கியில் சுமை இல்லாமல், கீழே யாரும் இல்லாமல் கிரேனை ஆன் செய்ய வேண்டும். சிவப்புப் பட்டனை அடித்தால் மெயின் காண்டாக்டர் உடனே விழும் சத்தம் கேட்க வேண்டும். மறுபடி ஆன் செய்து, இந்த முறை பட்டனைத் தொடாமல் ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன நேரத்துக்குள் காண்டாக்டர் தானாக விழ வேண்டும். முதல் சோதனை மட்டும் தேறி இரண்டாவது தேறாவிட்டால் ரிசீவரின் கண்காணிப்பில் ஏதோ பழுது. இரண்டிலுமே காண்டாக்டர் விழாவிட்டால் யாரோ லூப் போட்டிருக்கலாம், அல்லது மெயின் காண்டாக்டரே ஒட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் கிரேனுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லாரி காத்திருக்கட்டும்.